சூரிய காந்தம்

சென்ற ஆண்டு கோடை விடுமுறை கழிந்து விடுதிக்குத் திரும்பிய முதல் வாரத்தில், என் அறைக்கு எதிரறையில் உறையும் பௌதிக முதுகலை மாணவர் ஒருவரை நோக்கி, "அண்ணா, தாங்கள் ஆராயும் பொருள் யாது?" என்று வினவினேன். "சூரிய காந்தம்" என்றார் அவர். தமிழ் ஆனர்ஸ் வகுப்பு மாணவனாகிய எனக்கு உடனே நினைவிற்கு வந்தது நம் பழைய நூல்களிற் பேசப்படும் சூரியகாந்தக் கல்லே. கதிரவன் ஒளி தன்மேற் பட்டவுடன் தீயை உமிழும் என்று கூறப்படும் அக்கல் இந்நாளில் எங்குக் கிடைக்கின்றது, அதனைத் தாங்கள் கண்ணாற் கண்டதுண்டோ என்று ஆர்வத்தோடு கேட்டுவிட்டேன். அவர் சிரித்த சிரிப்பைக் கேட்டுத் தாழ்வாரத்து அறைகள் எல்லாவற்றிலிருந்தும் தலைகள் எட்டிப் பார்த்தன. "கல்லும் அன்று, பூவும் அன்று, தம்பி. கதிரவனே ஒரு காந்தம். அதன் காந்த சக்தியைத்தான் அளந்துகொண்டிருக்கிறேன்" என்றார். நாணத்தோடு என் அறைக்குத் திரும்பினேனாயினும், அச்சொல் என்னை விட்டபாடில்லை.

அவ்வண்ணனுடைய அறைச் சுவரில் நீர்வண்ண ஓவியங்கள் பல தொங்கிக்கொண்டிருந்தன. மழைக்கு முன் இருண்ட மலை, வகுப்பு மணி அடிக்கும் கிழவர், சமையற்கட்டின் புகைக்கூண்டு என நாம் நாள்தோறும் கண்டும் காணாதிருப்பனவே அவற்றின் பொருள்கள். ஆனால் சில திங்களுக்குப் பின்னர் ஒருநாள் சுவர் வெறுமையாயிருந்தது. வண்ணப்பெட்டி கட்டிலின் அடியிலிருந்த டிரங்குப் பெட்டிக்குட் சென்றுவிட்டது. அவர் நலம் நாடும் பெரியவர் ஒருவர் வந்து, "ஆராய்ச்சி செய்பவனுக்குச் சித்திரம் எதற்கு? பட்டம் பெறும்வரை இப்பொம்மை வேலைகளைக் கட்டி வை" என்று கூறிச் சென்றனராம். அண்ணன் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. எனக்கோ அது பொறுக்கவில்லை. அப்பெரியவர் சொல்லியது மெய்தானா என்று காணும் பொருட்டு, நூல்நிலையத்திற் சென்று, கதிரவனுடைய காந்த சக்தி எவ்வாறு கண்டறியப்பட்டது என்னும் வரலாற்றைத் தேடிப் படிக்கலானேன். கண்டவற்றுட் சிலவற்றை ஈண்டு எழுதப் புகுகின்றேன். பௌதிகம் பயின்ற அன்பர்கள் என் குறைகளைப் பொறுத்தருள்க.

நம் புலவர்கள் மதியின் மறுவைப் பாடியுள்ளனர்; அதனை முயல் என்றும் மான் என்றும் கூறி மகிழ்ந்தனர். ஞாயிற்றின் மறுவைப் பாடினாரை யான் பயின்ற அளவில் எங்கும் கண்டிலேன். வெறுங்கண்ணால் நோக்கவொண்ணாத ஒளியுடைய பொருளில் மறுவைத் தேடுவார் யார்? எனினும் மறு உண்டு. தொலைநோக்கியின் வழியே கதிரவன் வடிவத்தை ஒரு வெள்ளைத்தாளில் விழச் செய்தால், சிற்சில நாட்களில் மிளகு சிந்தியதுபோற் கரும்புள்ளிகள் தோன்றும். நடுவிற் கருநிழலும், அதனைச் சுற்றி இழையிழையாக விரியும் அரைநிழலும் அவற்றிற்கு உண்டு. மிளகு என்றேன், அம்மிளகொன்றில் நம் பூமி முழுவதையும் போட்டாலும் இடம் எஞ்சி நிற்பதும் உண்டு. கதிரவன் மேற்பரப்பின் வெப்பம் ஏறத்தாழ 5,500 பாகை. புள்ளியின் நடுவிலோ 4,000 பாகைக்கும் குறைந்திருக்கும். அதுவும் கடுந்தீயே. சுற்றிலும் உள்ளது அதனினும் கடியதாகலின் இது கருமையாய்த் தோன்றுகின்றது. (தொலைநோக்கியினூடே கதிரவனைக் கண்ணால் நேரே நோக்குதல் எக்காலத்தும் ஆகாது. ஒருகணத்திற் பார்வை அழியும்.)

இத்தாலி நாட்டுக் கலீலியோ 1612ஆம் ஆண்டில் இப்புள்ளிகளை நாள்தோறும் வரைந்தார். தாளில் விழும் கதிரவன் வடிவத்தின்மீதே எழுதுகோலை வைத்து வரையும் எளிய முறையை அவர்க்கு அளித்தவர் அவர் மாணாக்கராகிய கஸ்தெல்லி. அதே காலத்தில் ஜெர்மனியில் வாழ்ந்த ஷைனர் என்னும் இயேசு சபைத் துறவியார், இவை கதிரவனைச் சுற்றிவரும் சிறு கோள்களே, கதிரவன் களங்கமற்றது என்று வாதித்தார். கலீலியோ அதனை மறுத்த விதமே என் மனத்தைக் கவர்ந்தது. புள்ளி நடு வட்டத்தில் நிற்கும்பொழுது அகன்றும், விளிம்பை அணுக அணுக ஒடுங்கியும் தோன்றுகின்றது. உருண்டையின்மேல் வரைந்த ஒரு வட்டத்தைப் பக்கவாட்டில் நோக்கினால் எவ்வாறு ஒடுங்குமோ, அவ்வாறே ஒடுங்குகின்றது. ஆதலின் அது கதிரவன் மேற்பரப்பிலேயே உள்ளது என்றார். அண்மை சேய்மைத் தோற்றங்களைத் தாளில் அமைக்கும் கலை அறிந்த கண்ணுக்கே இது எளிதிற் புலப்படும். கலீலியோ அக்கலையில் வல்லவர். சிகோலி என்னும் ஓவியர் அவர்க்கு உற்ற நண்பர். சிகோலியும் ரோமாபுரியில் இருந்துகொண்டே புள்ளிகளை வரைந்து நண்பர்க்கு அனுப்பியவர். அவர் அந்நகரத்து ஆலயமொன்றின் மாடத்தில் மரியன்னையின் திருவடிக்கீழ்த் தீட்டிய மதி, தொலைநோக்கியிற் கண்டவாறு குழிகளோடு கூடிய மதி.

அதன் பின்னர் இருநூறு ஆண்டுகளில் நிகழ்ந்தவற்றை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பலர் வரைந்தனர், பலர் எண்ணினர். டெஸ்ஸாவ் நகரத்து மருந்து வணிகராகிய ஷ்வாபே என்பார் 1826 முதல் விடாது எண்ணி, புள்ளிகள் ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை பெருகிக் குறைகின்றன என்று 1843இல் வெளியிட்டார். (அக்காலம் சராசரி 11 ஆண்டு எனப் பின்னர்த் தெளிந்தனர்.) புள்ளி என்பது யாது, அது ஏன் தோன்றுகின்றது என்பவற்றை மட்டும் எவரும் அறிந்திலர். வடிவத்தை எத்துணை நுட்பமாக வரையினும் வடிவம் தன் காரணத்தைத் தானே சொல்லுவதில்லை. அதற்கு வேறொரு கருவி வேண்டியிருந்தது.

அக்கருவி நிறமாலை. கதிரவன் ஒளியைப் பட்டகத்தால் விரித்தால் ஏழு நிறங்களின் ஊடே நுண்ணிய கருங்கோடுகள் பல தோன்றும் என்பதும், ஒவ்வொரு கோடும் இரும்பு, சோடியம் முதலிய மூலப்பொருள்களுள் ஒன்றனைக் காட்டும் என்பதும் நாம் பள்ளியிற் படித்தவை. 1896இல் ஹாலந்து நாட்டு லைடன் நகரில் பீட்டர் ஸீமன் என்னும் இளைஞர், சோடியம் கலந்த தீச்சுடரை வலிய காந்தத்தின் இரு முனைகட்கு நடுவே வைத்து அதன் கோடுகளை நோக்கினார். காந்தத்திற்கு மின்சாரம் பாய்ந்தபொழுது கோடுகள் அகன்றன; நிறுத்தியபொழுது ஒடுங்கின. பின்னர் நுணுகி ஆராய்ந்தபொழுது அகன்றதாகத் தோன்றிய ஒரு கோடு உண்மையில் இரண்டாகவும் மூன்றாகவும் பிளவுற்றதெனக் கண்டனர். வீணையின் ஒரு தந்தியில் எழும் ஒரு சுரம், சற்றே ஏறியும் சற்றே இறங்கியும் இரு சுரங்களாகக் கேட்பின் எவ்வாறிருக்குமோ அவ்வாறெனக் கொள்ளலாம். பிளவு அகன்றால் காந்தம் வலியது, ஒடுங்கினால் மெலியது. இன்னுமொரு நுட்பம்: காந்த சக்தியின் திசைவழியே நின்று நோக்கினால், பிளவுற்ற இருகோட்டின் ஒளியலைகளுள் ஒன்று வலஞ்சுழியாகவும் மற்றொன்று இடஞ்சுழியாகவும் வரும். ஸீமனுக்கும் அவர் ஆசிரியராகிய லோரென்ட்ஸுக்கும் 1902இல் நோபெல் பரிசு இதன் பொருட்டு வழங்கப்பெற்றது. காந்தத்தைத் தொடாமல், அதன் அருகிற் செல்லாமல், ஒளியை மட்டும் கொண்டே அளக்கும் வழி இவ்வாறு பிறந்தது.

இனி, இவ்வரலாற்றின் தலைவராகிய ஜார்ஜ் எல்லரி ஹேல் என்பாரிடம் வருவோம். 1868இல் சிகாகோ நகரிற் பிறந்த இவர், கவிதையிலும் கட்டிடக் கலையிலும் எகிப்து நாட்டுப் பழமையிலும் வாழ்நாள் முழுவதும் ஈடுபாடுடையவர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் மாணவராயிருந்த 1889இல், விடுமுறைக்கு வீட்டிற்கு வந்து சிகாகோ வீதியில் டிராம் வண்டியிற் செல்லுங்கால் இவருக்கு ஓர் எண்ணம் உதித்தது. கதிரவன் ஒளி முழுவதையும் ஒருங்கே படம் பிடித்தலை விட்டு, ஏதேனும் ஒரு மூலப்பொருளின் கோட்டு ஒளியை மட்டும் சிறு பிளவின் வழியே எடுத்து, அப்பிளவைக் கதிரவன் வட்டத்தின் குறுக்கே நகர்த்திக்கொண்டு போனால், அம்மூலப்பொருள் கதிரவன்மேற் பரந்துள்ள வடிவம் அப்படியே தட்டிற் பதியுமன்றோ? கோலப்பொடி நிறைந்த துளைக்குழலைத் தரையில் உருட்டிச் செல்ல, கோலம் சிறிது சிறிதாக விழுவதுபோல என எனக்கு விளங்கிற்று. அக்கருவியைச் செய்து முடித்தபொழுது அவர் இருபத்துநான்கு வயதும் நிரம்பாதவர். காணவொண்ணாததனை வடிவமாகக் காணவேண்டும் என்னும் வேட்கையே அக்கருவி. பாரிஸில் டெலாந்த்ர் என்பாரும் தனியே அதே எண்ணத்தை அடைந்தார் என்பதையும் சொல்லிவிடல் முறை.

ஹேல் 1904இல் கலிபோர்னியாவில் மவுண்ட் வில்சன் என்னும் மலையில் கதிரவனை ஆராயும் நிலையம் அமைத்தார். 1908ஆம் ஆண்டின் இளவேனிலில், ஹைட்ரஜனின் சிவப்புக் கோட்டொளியில் எடுத்த படங்களிற் புள்ளிகளைச் சுற்றிச் சுழிகள் தோன்றக் கண்டார். ஆற்று நீரில் சுழி விழுமிடத்து நுரையும் சருகும் வளைந்து வளைந்து செல்வதுபோல், புள்ளியை நோக்கி வளைந்த இழைகள். அப்படத்தைப் பலர் கண்டிருக்கலாம்; "அழகிது" என்று கூறி அப்பாற் சென்றிருக்கலாம். ஹேல் அவ்வடிவத்தையே ஒரு வினாவாக்கினார். சுழலுமாயின், மின்னேற்றமுடைய துகள்களும் உடன் சுழலவேண்டும்; மின்சாரம் சுழன்றாற் காந்தம் பிறக்கவேண்டும்; காந்தம் உண்டாயின் ஸீமன் கண்ட பிளவு புள்ளியின் ஒளியிற் காணப்படவேண்டும். 1908ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் புள்ளியின் நிறமாலையைப் படமெடுத்தார். கோடுகள் இரட்டித்திருந்தன. இடையே வைத்த பளிங்குக் கருவியை ஒருபுறம் திருப்ப ஒரு கோடு மறைந்தது. மறுபுறம் திருப்ப மற்றது மறைந்தது. வலஞ்சுழியும் இடஞ்சுழியும்! பூமிக்கு அப்பால் உள்ள ஒரு பொருளில் காந்தம் உண்டு என்பது முதன்முதல் நிறுவப்பட்டது அன்றுதான். அவர் கணக்கிட்ட வலிமை ஏறத்தாழ 2,900 காஸ். நம் திசைகாட்டி முள்ளைத் திருப்பும் பூமியின் காந்தமோ அரைக் காஸ் அளவினது. அதனினும் ஐயாயிர மடங்குக்கு மேற்பட்டது அது.

புள்ளி ஏன் கருமையாயிருக்கின்றது என்பதற்கும் இதிலேயே விடை அடங்கியுள்ளது. உலையில் நீர் கொதிக்கும்பொழுது அடியிலுள்ள வெந்நீர் மேலெழுந்து மேலுள்ளது கீழிறங்குமாறுபோல, கதிரவன் அகத்தே உள்ள வெப்பம் கொதித்தெழுந்தே மேற்பரப்பை அடைகின்றது. வலிய காந்தம் ஓரிடத்தில் ஊடுருவி நிற்குமாயின் அக்கொதிப்பை அடக்கிவிடும். வெப்பம் மேலே வாராது; அவ்விடம் தணிந்து கருக்கும்.

இவ்வளவில் நிறுத்திவிட்டால் அண்ணனுடைய வண்ணப்பெட்டிக்கு நான் வக்கீலாக வந்து வென்றுவிட்டேன் என்றாகும். உண்மை அவ்வளவு எளிதன்று. ஹேல் அடைந்த முடிவு சரி. அதனை அடைந்த வழியில் ஒரு பிழை இருந்தது. அப்பிழையைக் காட்டியது நம் பழனி மலைத்தொடரிலுள்ள கோடைக்கானல்.

கோடைக்கானல் வானிலையம் 1899இல் நிறுவப்பெற்றது. அதன் முதல் தலைவராகிய சார்ல்ஸ் மிச்சி ஸ்மித் என்பவர் முன்னர்ச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பௌதிகப் பேராசிரியராயிருந்தவர் என்பது மிஷன் கல்லூரி மாணவர்களாகிய நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. அவர்க்குத் துணைவராக 1907இல் வந்து சேர்ந்தவர் ஜான் எவர்ஷெட் என்னும் ஆங்கிலேயர். ஹேல் கூறிய சுழற்சி உண்மையாயின், புள்ளியின் ஒருபுறத்து வாயு நம்மை நோக்கியும் எதிர்ப்புறத்து வாயு நம்மை விட்டகன்றும் ஓடவேண்டும். ஓட்டத்திற்கு ஏற்ப நிறமாலைக் கோடு இடம்பெயர வேண்டும். 1909ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் நாள் எவர்ஷெட் புள்ளியொன்றை அவ்வாறு ஆராய்ந்தார். கோடு இடம்பெயரத்தான் செய்தது. ஆனால் சுழற்சிக்கு ஏற்ற வண்ணம் அன்று. அரைநிழலில் வாயு நடுவிலிருந்து வெளிநோக்கி, சக்கரத்தின் ஆரக்கால்கள் போல, விநாடிக்கு இரண்டு கிலோமீட்டர் அளவிற் பரந்து ஓடிக்கொண்டிருந்தது. உலகெங்கும் எவர்ஷெட் விளைவு எனப் பௌதிக நூல்கள் வழங்குவது இதனையே. படத்தில் சுழிபோல் வளைந்து தோன்றிய இழைகள் நீர்ச்சுழி போன்ற ஓட்டத்தின் அடையாளமல்ல. காந்தம் தாளின்மேல் தூவிய இரும்புத்தூளை வரிவரியாக நிறுத்துவதுபோல, காந்த சக்தியே வாயுவை அவ்வாறு வரிப்படுத்தி வைத்தது. ஆகவே கண் நல்ல வினாவை எழுப்பியது, விடையைத் தவறாகச் சொல்லியது, அளவைக்கருவியே திருத்தியது.

கண் ஏமாறுவதற்கு இதனினும் பெரியதோர் எடுத்துக்காட்டு உண்டு. ஆவிச் சம்மட்டியைச் செய்த ஜேம்ஸ் நாஸ்மித் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் பெயர்பெற்ற இயற்கைக்காட்சி ஓவியரின் மகன். தாமும் நன்றாக வரைபவர். அவர் 1860களில், கதிரவன் மேற்பரப்பு முழுவதும் அலரியிலைபோல் நீண்டொடுங்கிய வடிவங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக் கிடப்பதாகக் கண்டு மிக அழகாக வரைந்து காட்டினார். அறிஞர் பலர் அதனை நம்பினர். சிலர் அவ்விலைகளை உயிர்ப்பொருளோ என்றுகூட ஐயுற்றனர். டாஸ் என்பார் ஒருவர் மட்டும், இலையுமில்லை ஒன்றுமில்லை, சோற்றுப் பருக்கை போன்ற மணிகளே உள்ளன என்று விடாது மறுத்துவந்தார். 1870களில் ஜான்ஸன் என்னும் பிரெஞ்சு அறிஞர் எடுத்த நுண்ணிய ஒளிப்படங்கள் வெளிவந்தபொழுது இலைகள் மறைந்து மணிகளே நின்றன. நாஸ்மித்தின் தவறு அவர் வரைந்தமையன்று. தம் கை அழகுபடுத்தியதைத் தம் கண் கண்டதாகக் கொண்டமையே என்பது என் கருத்து. இதனை அண்ணனிடம் கூறியபொழுது, "சித்திரம் பழகியவனுக்கே தன் கை எங்குப் பொய் சொல்கிறது என்பது தெரியும், தம்பி" என்றார்.

கோடைக்கானலை விடுமுன் எவர்ஷெட்டின் மனைவியாரைப் பற்றிச் சொல்லாமற் போவது முறையன்று. எனக்கு இவ்வரலாற்றில் மிகப் பிடித்தவர் அவ்வம்மையாரே. மேரி ஆக்வொர்த் ஓர் என்பது அவர் கன்னிப்பெயர். 1867இற் பிறந்த அவர் இளமையில் இத்தாலியிலுள்ள பிளாரென்ஸ் நகரில் தங்கியிருந்தபொழுது தாந்தே என்னும் மகாகவியின் காவியத்தில் ஆழ்ந்தார். அதில் வரும் வான்கணக்குகள் விளங்காமையால் வானநூல் பயிலலானார். கவிதைக்கு உரைதேடப் போய் விண்மீனைக் கண்டவர்! பின்னர் ஆஸ்திரேலியாவில் வாழ்ந்து, தென்வானத்து மீன்களை அறிதற்கு ஒரு கையேடு எழுதி 1896இல் வெளியிட்டார். அவ்வாண்டு நார்வேயிற் சூரிய கிரகணம் காணச் சென்றவிடத்தே எவர்ஷெட்டைச் சந்தித்தார்; 1906இல் மணம் நிகழ்ந்தது.

கோடைக்கானலில் அவ்வம்மையார்க்குப் பதவியுமில்லை, ஊதியமுமில்லை. எனினும் கதிரவன் விளிம்பில் எழும் தீப்பிழம்புகளைப் பதித்த தட்டுக்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். புள்ளிகளின் அருகே எழும் பிழம்புகள் ஏனையவற்றின் வேறுபட்ட வடிவின என்றும், ஊற்றுநீர்போல வளைந்தெழுந்து வளைந்திறங்குகின்றன என்றும் பிரித்துக்காட்டி 1913இல் கட்டுரை எழுதினார். அவ்வளைவுகள் காந்த சக்தியின் வழிகளே என்பது இன்று ஐயமற விளங்கும். கணவரும் மனைவியும் சேர்ந்து இயற்றிய பெரிய ஆராய்ச்சி நூல் 1917இல் வெளிவந்தது. இத்தனைக்கும் நடுவே, அம்மலையில் இருந்துகொண்டே, தாந்தேயும் பண்டை வானநூலாரும் என்னும் பொருள்பற்றிய நூலையும் எழுதி முடித்தார். காலையில் தட்டு, மாலையிற் காவியம். இரண்டில் எது தொழில், எது பொழுதுபோக்கு என்று அவரைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ! தமிழ் மாணவனாகிய எனக்கு அந்நூல் மீது ஏற்பட்ட பற்றை மறைக்க விரும்பவில்லை.

நிற்க. ஒளிப்படம் வந்த பின்னர்க் கையால் வரைதல் ஒழிந்துபோயிற்று என்றே யானும் நினைத்திருந்தேன். மவுண்ட் வில்சனில் 1917ஆம் ஆண்டு ஜனவரியில் ஒரு வழக்கம் தொடங்கிற்று. வானம் தெளிந்த ஒவ்வொரு நாளும் 150 அடிக் கோபுரத் தொலைநோக்கி காட்டும் கதிரவன் வடிவத்தின்மீது தாளை வைத்து, புள்ளி ஒவ்வொன்றையும் பென்சிலால் வரைந்து, அதன் காந்தம் வடமுனையா தென்முனையா, வலிமை எத்துணை என்பவற்றை அதன் அருகே எழுதிவைத்தல். அவ்வழக்கம் நூறாண்டையும் கடந்தது. காற்றின் அசைவால் வடிவம் கணந்தோறும் நடுங்கிக்கொண்டேயிருக்கும். ஒளிப்படம் ஒரு கணத்தை மட்டும் பிடிக்க, வரைபவர் கண் தெளிந்த கணங்களைத் தேர்ந்து தாளில் சேர்க்கும். இதுவே கையின் சிறப்பு.

அப்படங்களிலிருந்து ஹேலும் அவர் துணைவரும் 1919இல் வெளியிட்ட உண்மைகள் இரண்டு. புள்ளிகள் பெரும்பாலும் இணையாகவே தோன்றும். முன்செல்வது ஒரு முனையாயின் பின்செல்வது எதிர்முனை. வடபாதியில் உள்ள ஒழுங்கிற்குத் தென்பாதியின் ஒழுங்கு நேர்மாறு. பதினோராண்டுச் சுற்று முடிந்து அடுத்தது தொடங்கின் இரு பாதியிலும் முறை தலைகீழாகும். ஆகவே முழுச்சுற்று உண்மையில் 22 ஆண்டு. இது ஒன்று. மற்றையது ஜாய் என்பார் கண்டது: இணையில் முன்செல்லும் புள்ளி நடுக்கோட்டிற்குச் சற்றே அணித்தாகவும் பின்செல்வது சற்றே சேய்த்தாகவும் சாய்ந்து நிற்கும், நடுக்கோட்டிற்குத் தொலைவில் தோன்றும் இணைகளிற் சாய்வு மிகும். அச்சாய்வு சராசரி ஒருசில பாகைகளே. ஆனால் அச்சிறு சாய்வினாலேயே பின்புள்ளியின் காந்தத்தில் ஒரு பங்கு மெல்ல மெல்லத் துருவத்தை அடைந்து, அங்கிருந்த பழைய காந்தத்தை அழித்துப் புதிய முனையை நாட்டுகின்றது என்பது இந்நாளைய அறிஞர் கொள்கை. அடுத்த சுற்றுக்கு வித்து அதுவே.

அண்ணனுடைய ஆராய்ச்சி இச்சாய்வைப் பற்றியது. கோடைக்கானலில் 1904 முதல் கதிரவனைக் கையால் வரைந்த படங்கள் சேமித்து வைக்கப்பட்டுள்ளன. புள்ளிக்கு ஒரு நிறம், இழைக்கு ஒரு நிறம், விளிம்புப் பிழம்பிற்கு ஒரு நிறம் என வண்ணமிட்டவை. அவற்றின் பிரதிகள் கணிப்பொறியில் ஏற்றப்பட்டுவிட்டன. இணைகளின் சாய்வை ஒவ்வொன்றாக அளப்பதே அவர் வேலை. கணிப்பொறி தானே அளந்துவிடும் என்று சிலர் கூறினராம். முகில் மறைத்த நாளில் அவசரமாக இழுத்த கோட்டையும், பொறுமையாக இழுத்த கோட்டையும் வேறு பிரித்தறிய அதற்குத் தெரியவில்லை; அவர்க்குத் தெரிந்தது. நூறாண்டுகட்கு முன் பெயர் தெரியாத ஒருவர் தூரிகையை எப்புறம் சாய்த்துப் பிடித்தார் என்பதைக்கூடச் சொல்கின்றார்.

இவ்வளவு முயற்சியால் யாருக்கு என்ன பயன் என்று கேட்பாரும் உளர். 1859ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் காரிங்டன் என்னும் ஆங்கிலேயர் வழக்கம்போற் புள்ளியொன்றை வரைந்துகொண்டிருந்தபொழுது, புள்ளிகளின் நடுவே இரு வெண்சுடர்கள் திடீரெனப் பளிச்சிட்டு மறையக் கண்டு அவற்றையும் வரைந்துவைத்தார். ஒருநாளுக்குள் பூமியைப் பெரும் காந்தப்புயல் தாக்கித் தந்திக் கம்பிகளைக் குலைத்தது. 1989ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கனடாவிலுள்ள கியூபெக் மாகாணம் இத்தகைய புயலால் ஒன்பது மணிநேரம் விளக்கின்றி இருண்டது. 2024ஆம் ஆண்டு மே மாதத்திற் புயல் வந்தபொழுது லடாக்கிலுள்ள ஹான்லேயின் இரவுவானமே சிவந்தது. விண்ணிற் சுழலும் செயற்கைக் கோள்களையும் மின்சார நிலையங்களையும் நம்பி வாழும் நமக்கு அடுத்த சுற்று வலியதா மெலியதா என்று முன்னறிவது சிறு பயன் அன்று.

சென்ற கார்த்திகையில், கல்லூரிப் பௌதிக சாலையின் சிறு தொலைநோக்கியை மாடியில் வைத்து, அண்ணன் எனக்கும் வரையக் கற்பித்தார். அட்டையில் ஒட்டிய தாளில் ஒரு சாண் அளவிற்குக் கதிரவன் வந்து விழுந்தது. அதனுள் ஓர் இணைப்புள்ளி. எளிதென்று எண்ணி எழுதுகோலை வைத்தேன். வடிவம் நகர்ந்துகொண்டே போயிற்று. ஒன்றை வரைந்து முடிக்குமுன் மற்றொன்று தாளைவிட்டு ஓடியது. ஒருவாறு முடித்து, மேலே "வடக்கு" என்று பெருமையோடு எழுதினேன். தொலைநோக்கியும் தாளும் சேர்ந்து திசையைப் புரட்டிக் காட்டும் என்பதை மறந்தேன். என் கணக்குப்படி கதிரவன் கிழக்கிலிருந்து மேற்காகச் சுழலாமல் எதிர்த்திசையிற் சுழன்றது! "நன்று, நீ புதிய சூரியனையே படைத்துவிட்டாய்" என்றார் அண்ணன். மூன்று நாட்கள் தொடர்ந்து வரைந்தோம். இணை நடுவை நோக்கி நகர்ந்தது. பின்புள்ளி இரண்டாக உடைந்தது. சாய்வு ஏழு பாகை என்று அளந்தார். எனது படத்தில் அது பத்தொன்பது.

நான்காம் நாள் காலை, டிரங்குப் பெட்டியிலிருந்து வண்ணப்பெட்டி வெளியே வந்திருந்தது. காய்ந்துபோன வண்ணங்களுட் சிவப்பும் கருமையும் மட்டுமே நீரில் இளகின. அவை போதும் என்றார். அப்படம் இப்பொழுது அவர் சுவரில் தனியே தொங்குகின்றது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அவரை அழைத்துச் செல்ல அப்பெரியவர் மறுபடியும் விடுதிக்கு வருவார். அவர் அதனைக் காண்பார், ஏதேனும் கேட்பார். அப்பொழுது எதிரறையிலேயே இருக்கவேண்டும் என்று, என் ஊர்ப் பயணத்தை ஒருநாள் தள்ளி வைத்திருக்கின்றேன்.